பிரம்படிக்கு அளவு சொன்ன சட்டம்: 'ஏ' எதிர் பிரிட்டன் வழக்கு

1993 பிப்ரவரி 5 அன்று இங்கிலாந்தில் ஒரு குழந்தை நல மருத்துவர் 9 வயதுச் சிறுவன் ஒருவனைப் பரிசோதித்துக் குறிப்பு எழுதினார். வலது தொடையின் பின்புறம் நீளக் கோடாகச் சிவந்த புதுக் காயம். அநேகமாக 24 மணி நேரத்துக்குள் விழுந்த அடி. இடது கெண்டைக்காலில் இரட்டைக் கோடு. அதற்கும் முன்பு தனித்தனியே விழுந்த இரண்டு அடிகள். இடது தொடையின் பின்புறம் இரண்டு கோடுகள். ஓரிரு நாள் பழையவை. வலது பிட்டத்தில் மூன்று கோடுகள். வெவ்வேறு சமயங்களில் விழுந்திருக்கலாம், ஒரு வாரம் வரை பழையதாகவும் இருக்கலாம். இவை போக, மங்கிக்கொண்டிருந்த இன்னொரு தழும்பு. தோட்டத்தில் செடிக்கு முட்டுக்கொடுக்கும் குச்சியால், கணிசமான வேகத்தோடு, ஒரு தடவைக்கு மேல் அடித்தால் வரக்கூடிய காயங்கள் இவை என்று முடித்திருந்தார்.

குச்சியால் அடித்தவர் சிறுவனின் மாற்றாந்தந்தை. அடித்ததை அவரே மறுக்கவில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தது. பிள்ளையை அடித்து வளர்க்கலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் நான் இந்த வழக்கை எடுத்துப் பேச அதுவே காரணம். அளவோடு அடிக்கலாம் என்று ஒரு சட்டம் சொன்னால், அந்த அளவை நிர்ணயிக்கும் உரிமை யார் கைக்குப் போகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வழக்கு எனக்குத் தெரிந்து வேறில்லை.

சிறுவனின் பெயர் வெளியிடப்படவில்லை. ஆவணங்களில் அவன் 'ஏ'.

முன்கதை

'ஏ' பிறந்தது 1984இல். 1990 மே மாதம் அவனையும் அவன் சகோதரனையும் உள்ளூர் நிர்வாகம் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் சேர்த்தது. வீட்டில் அவர்கள் அடிபடுவது அப்போதே தெரிந்திருந்தது. தாயுடன் வாழ்ந்துவந்த ஆண், பிரம்பால் அடித்ததை ஒப்புக்கொண்டதால் காவல்துறை அவருக்கு முறையான எச்சரிக்கை வழங்கியது. 1991 நவம்பரில் இரு சிறுவர்களின் பெயர்களும் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டன. பின்னர் அந்த ஆண் தாயை மணந்து, பையன்களுக்கு மாற்றாந்தந்தை ஆனார்.

1993 பிப்ரவரியில் விஷயத்தை வெளியே கொண்டுவந்தவன் சகோதரன். 'ஏ'வைக் குச்சியால் அடிக்கிறார்கள் என்று அவன் சொன்னதைத் தலைமையாசிரியர் சமூக நலத் துறைக்குத் தெரிவித்தார். மாற்றாந்தந்தை கைதாகி, மறுநாள் பிணையில் வந்தார். அதையொட்டி நடந்ததுதான் அந்த மருத்துவப் பரிசோதனை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் அவருக்கு அந்த வகை எச்சரிக்கை வழங்க முடியும். அதாவது 1990இல் பிரம்படியைக் குற்றமென்று காவல்துறை கருதியது, அவரும் ஏற்றுக்கொண்டார். நான்கு ஆண்டு கழித்து, அதே வகை அடிக்கு, அதே நபரை நீதிமன்றம் விடுவித்தது. எது அனுமதி, எது குற்றம் என்பது அடித்தவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை, காவலருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அடிவாங்கிய பையனுக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு முரணும் உண்டு. பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் 1987 முதல் பிரம்படி கிடையாது. அதுவும் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் உந்துதலால் வந்த மாற்றம். ஸ்காட்லாந்துத் தாய்மார்கள் இருவர் தொடுத்த வழக்கில், பெற்றோரின் கொள்கைக்கு மாறாகப் பிள்ளையை அடிக்கப் பள்ளிக்கு உரிமையில்லை என்று 1982இல் தீர்ப்பானது. ஆக, 1993இல் அரசுப் பள்ளி ஆசிரியர் எவரும் 'ஏ' வயதுப் பிள்ளையின் மேல் பிரம்பை வைக்க முடியாது. அந்தப் பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனதும் அந்தப் பாதுகாப்பு தீர்ந்துபோகும்.

நடுவர் குழுவின் முன்

உடற்காயம் விளைவித்த தாக்குதல் என்ற குற்றச்சாட்டின்மேல் 1994 பிப்ரவரியில் விசாரணை நடந்தது. பல தடவை பிரம்பால் அடித்தது உண்மைதான் என்று மாற்றாந்தந்தைக்காக வாதாடிய எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டது. ஆனால் 'ஏ' அடங்காத பையன், வீட்டுக் கண்டிப்புக்கும் மசியவில்லை, பள்ளிக் கண்டிப்புக்கும் மசியவில்லை, எனவே அடி தேவையாகவும் நியாயமாகவும் இருந்தது என்று வாதிட்டது.

நீதிபதி நடுவர்களுக்கு, அதாவது தீர்ப்புச் சொல்ல அமர்ந்த பொதுமக்கள் குழுவுக்கு (ஜூரி), சட்டத்தை விளக்கினார். பெற்றோர் பிள்ளையைத் திருத்துவதற்காகச் செய்தது என்பது முழுமையான தற்காப்பு, அதாவது குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கும் வாதம். அடித்த விதம், அடித்த கருவி, அடியின் எண்ணிக்கை மூன்றும் மிதமாக இருந்தால் போதும். அது நியாயமான தண்டனைதான் என்று குற்றம்சாட்டப்பட்டவர் நிரூபிக்கத் தேவையில்லை. நியாயமற்றது என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். பிறகு, மிகவும் அடங்காத ஒரு பையனைத் தண்டிக்கலாமா கூடாதா என்பதல்ல இந்த வழக்கு, இங்கே செய்தது நியாயமா என்பதுதான் கேள்வி என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் நடுவர்களை நெறிப்படுத்தச் சொன்னது. சட்டப்படி சரியானதும்கூட. ஆனாலும் பையனின் குணத்தைப் பற்றி எதிர்த்தரப்பு சொன்னது அதற்குள் நீதிபதியின் வாயிலிருந்தே, விவாதத்துக்கு இடமில்லாத உண்மைபோல வந்துவிட்டது. பிறரை அடித்த வழக்கில் அடிபட்டவரின் குணநலனை நாம் இப்படி அளப்பதில்லை. மனைவியை அடித்தவர், அவள் எதற்கும் அடங்கவில்லை என்று சொன்னால் 1994இல் அங்கே எந்த நடுவர் குழுவும் கேட்டிருக்காது. பிள்ளையின் விஷயத்தில் மட்டும் அந்தப் பேச்சுக்குச் சட்டமே இடம் ஒதுக்கியிருந்தது. 9 வயதுப் பையன் அந்தக் கூடத்தில் பாதிக்கப்பட்டவனாகவும், தன் நடத்தைக்காக எடைபோடப்பட்டவனாகவும் ஒரே நேரத்தில் இருந்தான்.

நடுவர்கள் பெரும்பான்மை முடிவாகக் குற்றமில்லை என்றனர். இங்கிலாந்தில் 12 பேர் கொண்ட குழுவில் பெரும்பான்மை முடிவுக்குக் குறைந்தது 10 பேர் உடன்பட வேண்டும். யாரோ ஒருவரோ இருவரோ உடன்படவில்லை என்பதை மட்டும் இதிலிருந்து அறியலாம். மற்றவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. நியாயமா என்று கேட்டார்கள். தாங்கள் வளர்ந்த வீட்டையும் தாங்கள் பட்ட அடியையும் வைத்துப் பதில் சொன்னார்கள். சந்தேகத்துக்கு இடமின்றி நியாயமற்றது என்று தோன்றினால் மட்டுமே குற்றம் என்றால், ஊர்ப் பழக்கம்தான் தீர்ப்பாகும்.

1860

நீதிபதி சொன்ன சட்டத்துக்குப் பழைய வேர் உண்டு. ஈஸ்ட்போர்ன் நகரில் தாமஸ் ஹாப்லி என்ற ஆசிரியர் தன் வீட்டிலேயே மாணவர்களைத் தங்கவைத்துக் கற்பித்துவந்தார். படிப்பு ஏறாத 15 வயதுப் பையன் ஒருவன் அவரிடம் இருந்தான். அவன் பிடிவாதத்தைக் கடுமையான அடியால்தான் உடைக்க வேண்டும் என்று ஹாப்லி தந்தைக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டார். தந்தை அனுமதித்தார். 1860 ஏப்ரலில் ஓர் இரவு, கயிற்றாலும் தடியாலும் நீண்ட நேரம் அடித்ததில் பையன் இறந்துபோனான். ஹாப்லிக்கு நான்கு ஆண்டு கடுங்காவல் கிடைத்தது.

அந்த வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன் வகுத்த விதிதான் 134 ஆண்டு கழித்து 'ஏ'யின் வழக்கிலும் ஒலித்தது. பெற்றோரோ, அவர்களின் அதிகாரத்தைப் பெற்ற ஆசிரியரோ, பிள்ளையிடமுள்ள தீமையைத் திருத்த மிதமான, நியாயமான உடல் தண்டனை தரலாம். கோபத்தைத் தீர்த்துக்கொள்ள அடித்தால், அளவு மீறினால், பிள்ளை தாங்கும் சக்திக்கு மேல் நீடித்தால், உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து விளைக்கும் கருவியால் அடித்தால் அது குற்றம். ஒரு பையன் செத்துக் கிடந்த வழக்கில், அடிப்பவரைக் கட்டுப்படுத்துவதற்காகச் சொல்லப்பட்ட விதி இது. பிற்காலத்தில் அடித்தவர்களின் கேடயமானது.

அந்தத் தந்தையின் கடிதத்தைப் படிக்கும் எந்தத் தமிழருக்கும் நம் ஊர்ப் பள்ளி வாசல் நினைவுக்கு வரும். 'கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்' என்று பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட பெற்றோர்கள் நம்மிடம் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். அன்பில்லாமல் சொன்னதல்ல அது. பிள்ளை படித்துக் கரையேற வேண்டும் என்ற தவிப்பில் சொன்னது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் பிள்ளையின் உடம்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது. பிள்ளையை யாரும் கேட்பதில்லை.

ஹாப்லிக்குத் தண்டனை கிடைத்த அதே 1860இல், அக்டோபர் மாதம், இந்தியத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 89ஆம் பிரிவு, 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, காப்பாளரோ அவர் இசைவோடு மற்றவரோ செய்யும் செயல் குற்றமாகாது என்றது. அடி என்ற சொல் அதில் இல்லை. ஆயினும் ஆசிரியர்கள் தங்கள் பிரம்புக்கு அந்தப் பிரிவைத் துணைக்கழைத்த வழக்குகள் நம் நீதிமன்றங்களில் உண்டு. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இன்னும் வெளிப்படை: ஆசிரியர் தம் விவேகத்தை நியாயமாகப் பயன்படுத்தி மாணவனை அடிப்பது குற்றவியல் வன்செயல் ஆகாது என்று ஓர் எடுத்துக்காட்டையே கொடுத்தது. நம் மரபு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் பிரம்புக்கு, சட்ட வடிவம் தந்தவர்கள் விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்கள்.

ஸ்ட்ராஸ்பர்க்

மாற்றாந்தந்தை விடுதலையானபின் 'ஏ'யின் சார்பில் ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்தில் மனு போனது. மனு அடித்தவர்மேல் அல்ல, பிரிட்டன் அரசின்மேல். யாரும் சித்திரவதைக்கோ, மனிதத்தன்மையற்ற அல்லது இழிவுபடுத்தும் நடத்தைக்கோ தண்டனைக்கோ உள்ளாக்கப்படக் கூடாது என்கிறது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு. தன் சட்டத்தால் ஒரு பிள்ளையை அதிலிருந்து காக்கத் தவறியது அரசு என்பதே வாதம்.

இது எளிய வாதமல்ல. அடித்தவர் காவலரோ சிறை அதிகாரியோ அல்ல, வீட்டிலுள்ள ஒருவர். வீட்டுக்குள் நடப்பதற்கு அரசு எப்படிப் பொறுப்பு? ஆணையம் 1997 செப்டம்பரில் ஒருமனதாக அரசு பொறுப்பு என்றது. நீதிமன்றம் 1998 செப்டம்பர் 23 அன்று, அதுவும் ஒருமனதாக, அதையே சொன்னது. தனிநபர்கள் செய்யும் கொடுமையிலிருந்தும் மக்களைக் காக்க வேண்டியது அரசின் கடமை. குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அடிப்பவரைத் தடுத்து நிறுத்தக்கூடிய பாதுகாப்பைச் சட்டம் தர வேண்டும். 9 வயதுப் பிள்ளையைக் குச்சியால் வேகத்தோடு பலமுறை அடித்தது 3ஆம் பிரிவு தடுக்கும் கடுமையை எட்டியது. அது நியாயமல்ல என்று நிரூபிக்கும் சுமையை அரசுத் தரப்பின்மேல் வைத்த சட்டம் பிள்ளையைக் காக்கவில்லை.

பிரிட்டன் அரசே நீதிமன்றத்தின் முன் மீறலை ஒப்புக்கொண்டது. தற்போதைய சட்டம் போதுமான பாதுகாப்புத் தரவில்லை, திருத்த வேண்டும் என்றும் ஏற்றது. ஆனால் தீர்ப்பை இந்த வழக்கின் உண்மைகளோடு நிறுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டது. நீதிமன்றமும் எல்லா உடல் தண்டனையும் தவறு என்று சொல்லவில்லை. 'ஏ'வுக்கு 10,000 பவுண்டு இழப்பீடும் வழக்குச் செலவும் தரச் சொன்னது. மாற்றாந்தந்தையின் விடுதலை அப்படியே நின்றது. ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு அதைத் தொடாது.

தீர்ப்புக்குப் பின்

2001இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், இனிமேல் நடுவர்கள் அடியின் தன்மை, நீடித்த நேரம், உடலிலும் மனத்திலும் ஏற்பட்ட விளைவு, பிள்ளையின் வயது, அடித்ததற்கான காரணம் ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று சொன்னது. 2004ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 58ஆம் பிரிவு வந்த பிறகு, உடற்காயக் குற்றச்சாட்டுக்கு நியாயமான தண்டனை என்ற தற்காப்பு கிடையாது. 'ஏ'வின் காயங்களோடு இன்று ஒரு பிள்ளை வந்தால் அடித்தவர் அந்த வாதத்தை வைக்க முடியாது. ஆனால் அதற்குக் கீழான சாதாரணத் தாக்குதலுக்கு அந்தத் தற்காப்பு இங்கிலாந்தில் இன்னமும் இருக்கிறது.

ஆக, எல்லைக்கோடு தோலின்மேல் போய் நின்றது. லேசாகச் சிவந்து மறைந்தால் அனுமதி, கன்றினால் குற்றம். கறுத்த தோலில் சிவப்பும் கன்றலும் எளிதில் தெரியாது என்பது மருத்துவர்கள் அறிந்தது. அப்படியானால் அந்தச் சட்டம் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றுபோலக் காக்குமா? தழும்பு விழாமல் அடிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்து 2003இல் கருவியால் அடிப்பதையும் தலையில் அடிப்பதையும் பிடித்து உலுக்குவதையும் தடுத்தது. 2020 நவம்பர் 7 முதல் எல்லா அடியையும் தடுத்துவிட்டது. வேல்ஸில் 2022 மார்ச் 21 முதல் அதே நிலை. அங்கே பெற்றோரைச் சிறைக்கு அனுப்புவதைவிட, பிள்ளை வளர்ப்புப் பயிற்சிக்கு அனுப்பும் வழியை அரசு முன்கூட்டியே ஏற்படுத்திவைத்தது.

இங்கிலாந்து அசையவில்லை. 2023 ஆகஸ்டில் வோக்கிங் நகரில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டில் இறந்து கிடந்தாள். பாகிஸ்தானுக்குப் போய்விட்ட தந்தை அங்கிருந்து காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்து, தான் அவளைச் சட்டப்படி தண்டித்ததாகவும் அவள் இறந்துவிட்டதாகவும் சொன்னார். நெடுநாள் சித்திரவதை அது. 2024 டிசம்பரில் அவரும் மாற்றாந்தாயும் கொலைக் குற்றவாளிகளாயினர். எந்தச் சட்டமும் அவர்களைக் காக்கவில்லை, காக்கவும் முடியாது. ஆனாலும் அந்த வாய்க்குச் 'சட்டப்படி' என்றொரு சொல் எட்டியதே, அதுதான் என்னை உலுக்கியது. தீர்ப்பு வந்தபின் இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் ரேச்சல் டி சூசா, அந்தத் தற்காப்பை நீக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

மறுதரப்பு

தடை வேண்டாம் என்பவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. லேசான ஒரு தட்டையும் 'ஏ' வாங்கிய அடியையும் ஒன்றாக்குவது நேர்மையா என்று கேட்கிறார்கள். பொறுப்புள்ள பெற்றோரைக் குற்றவாளியாக்குவீர்களா, வீட்டுக்குள் அரசு எதற்கு என்கிறார்கள். அடிபடும் பிள்ளைகளிடம் பிரச்சினை கூடுதலாக இருப்பது அடியால்தானா, அல்லது பிரச்சினை உள்ள பிள்ளைகள் கூடுதலாக அடிபடுகிறார்களா என்ற கேள்வியை ஆய்வாளர்களிலேயே சிலர் எழுப்பினார்கள். நல்ல கேள்வி.

அதற்கு விடை தேடித்தான் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் வந்தன. 2016இல் ஆய்வாளர்கள் கெர்ஷாஃப், குரோகன்-கேலர் இருவரும் 75 ஆய்வுகளைத் தொகுத்தனர். அவற்றில் இருந்த பிள்ளைகள் 1,60,000 பேருக்கு மேல். கொடுமை என்று சொல்லக்கூடிய அடியை ஒதுக்கி, கையால் தட்டுவதை மட்டுமே எடுத்துக்கொண்டும், முரட்டுத்தனம், மனநலக் குறைவு, பெற்றோரோடு உறவுச் சிதைவு ஆகியவற்றோடு அது சேர்ந்தே வந்தது. 2021இல் 'லான்செட்' மருத்துவ இதழ், காலப்போக்கைப் பின்தொடர்ந்த 69 ஆய்வுகளை மட்டும் எடுத்து அலசிய கட்டுரையை வெளியிட்டது. அடி நடத்தையைக் காலப்போக்கில் மோசமாக்குகிறது, மேம்படுத்தியதாகச் சான்றில்லை என்பதே முடிவு.

பெற்றோர் குற்றவாளியாவார்கள் என்ற அச்சத்துக்கு ஸ்வீடனைப் பார்க்கலாம். 1979இல் உலகில் முதலாவதாகத் தடை விதித்தபோது, அதைத் தண்டனைச் சட்டத்தில் வைக்காமல் பெற்றோர்-பிள்ளை உறவைச் சொல்லும் சட்டத்தில் வைத்தார்கள். பால் பெட்டிகளில்கூட அச்சிட்டு வீடுவீடாகச் சேர்த்தார்கள். நோக்கம் பெற்றோரின் மனத்தை மாற்றுவது. இன்று 65க்கும் மேற்பட்ட நாடுகளில் முழுத்தடை உள்ளது.

லேசான தட்டைப் பற்றிய கேள்விக்கு 'ஏ'யின் வழக்கே பதில் சொல்கிறது. லேசான தட்டை அனுமதிக்க எழுதிய அதே விதிதான் குச்சியையும் அனுமதித்தது. எல்லை எங்கே என்று முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. அடி விழுந்து, காயம் பட்டு, புகார் போய், ஓராண்டு கழித்துப் பன்னிரண்டு பேர் கூடி உட்கார்ந்து தேடினார்கள்.

நம்மிடம்

தமிழ்நாட்டில் 2003இல் கல்வி விதிகள் திருத்தப்பட்டுப் பள்ளிகளில் உடலையும் மனத்தையும் நோகடிக்கும் தண்டனை தடைசெய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதை நாடு முழுவதற்குமாக்கியது. 'அடியாத மாடு படியாது' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அடி வாங்கித்தான் நாங்கள் ஆளானோம் என்று சொல்பவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள், தங்களைப் பொறுத்தவரை. அந்த அடிக்குப் பயந்து எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடியவர்கள் அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை.

வீட்டுக்குள் விழும் அடிக்கு இந்தியாவில் நேரடித் தடை இல்லை. கொடுமை என்ற அளவை எட்டினால் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு வரும். அதற்குக் கீழே மறுபடியும் அதே கேள்வி, அதே அளவுகோல். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 89ஆம் பிரிவு 27ஆம் பிரிவு என்று எண் மாறி உள்ளே இருக்கிறது. குழந்தைக்கு அவசர அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு அந்தப் பிரிவு தேவைதான். உடல் தண்டனை இந்தப் பிரிவின் பாதுகாப்பில் வராது என்ற ஒரு வரியை மட்டும் அதில் சேர்க்க வேண்டும். முழுச் சட்டத்தையும் திருத்தி எழுதிய வேளையில் அதைச் செய்திருக்கலாம். நாடாளுமன்றம் இப்போதும் செய்யலாம்.